டெக்சஸ் அரசின் பெருமை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் தன் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொள்ளும் சிரத்தையை யாரும் வாய்விட்டுப் புகழ்வதில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

பெற்ற வீட்டிலிருந்து மீட்ட பிள்ளையை வேறொரு வீட்டில் தற்காலிகமாக வளர்க்கக் கொடுப்பதை அங்கே ஃபாஸ்டர் கேர் என்கிறார்கள். அப்படி நாலைந்து வீடு மாறிய பிள்ளையை ஒரு தம்பதி தத்தெடுக்கிறார்கள். இனி யாரும் பையைக் கட்டச் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதற்கு வரவே ஓரிரு ஆண்டு பிடிக்கலாம். அதன் பிறகுதான் பழைய வீட்டில் நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும். குளிக்கக் கூப்பிட்டால் ஏன் நடுங்கியது, ராத்திரியில் ஏன் கதவோரம் சுருண்டது என்பது அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்கு விளங்கும்.

விளங்கியதும் சொல்லியாக வேண்டும். டீச்சரும் டாக்டரும் மட்டுமல்ல, சந்தேகிக்கக் காரணமுள்ள எவரும் தகவல் தர வேண்டும், மறைத்தால் சிறைகூட உண்டு என்கிறது டெக்சஸ் சட்டம். நல்ல சட்டம். ஹாட்லைன் இரவும் பகலும் திறந்திருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் பெயர் சொல்லாமல் புகார் தர முடியாது என்பதால், சொல்கிறவரின் பெயர் தவறாமல் பதிவாகும். கொடுமை செய்தவரின் முழுப்பெயர்தான் பல நேரம் அந்த அம்மாவிடம் இருக்காது. பிள்ளை பட்ட கொடுமைகளைத் தத்தெடுப்போருக்கு எழுதித் தரச் சட்டமே சொல்கிறது. ஆனால் கோப்பில் மற்றவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்துத் தருகிறார்கள். அடுத்தவர் மானத்தை இவ்வளவு கருத்தாகக் காக்கும் அரசை வாழ்த்தத்தான் வேண்டும்.

‘பிள்ளை இப்போது பத்திரமாக இருக்கிறதா?’ ஹாட்லைனில் இதைக் கேட்கத் தவறாத அக்கறையையும் வாழ்த்துகிறேன். இருக்கிறது என்று பதில் வந்தால் மனம் நிறைகிறது. நடந்தது பழையது, இப்போது ஆபத்தில்லை என்று தகவலை விசாரணைக்கே எடுக்காமல் மூடிவைப்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. அந்தத் தாயும் தகப்பனும் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களோ, அவ்வளவுக்கு அவர்கள் புகாரின் அவசரம் குறைந்துபோகிறது. அவர்கள் தங்கள் பிள்ளைக்காக மட்டும் போன் செய்யவில்லை. அந்தப் பழைய வீட்டில், அதே கட்டிலில், இன்று ராத்திரி படுக்கப்போகும் பிள்ளைக்காகவும்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டு அவர்களை மேலும் வருத்தாமல் போனை வைக்கும் மென்மையை என்னவென்று சொல்வது!

விசாரணை நடந்தால் அதன் முடிவுகளில் ஒன்றாக ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதையும் டெக்சஸ் வைத்திருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று முத்திரை குத்தி ஒப்புக்கொள்ளும் நேர்மை எல்லா அரசுக்கும் வாய்க்காது.

விடாமுயற்சியையும் சொல்லாமல் விடக்கூடாது. 2011இல் பிள்ளைகளின் சார்பில் அரசின் மீது வழக்கு வந்தது. நீண்டகாலம் அரசின் காவலில் இருக்கும் பிள்ளைகள், வந்தபோது இருந்ததைவிட அதிகக் காயத்தோடு வெளியேறுகிறார்கள் என்று 2015 டிசம்பரில் நீதிபதி ஜானிஸ் ஜாக் தீர்ப்பளித்தார். சோர்ந்துபோகாமல் அரசு மேல்முறையீடு செய்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிபதி, புகார்களை விசாரித்த லட்சணத்தைப் பார்த்து, நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தார். ஒரு பெண்பிள்ளை விஷயத்தில் ஓராண்டுக்குள் 12 விசாரணைகள் திறந்திருந்தார்கள். பன்னிரண்டும் நடக்க, அவள் தங்கவைக்கப்பட்ட அதே இடத்திலேயே இருந்தாள். கடைசியில் தாடை இரண்டு இடத்தில் உடைந்து, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தனியாக விடப்பட்டாள். அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்து நீதிபதியையும் வழக்கிலிருந்து விலக்கியது. பதின்மூன்று ஆண்டு சளைக்காமல் வாதாடிய வக்கீல்களின் உழைப்பு வீண்போகவில்லை.

சட்டத்தின் நீண்ட பொறுமையும் மெச்சத்தக்கது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் பதினெட்டு முடிந்து 30 ஆண்டுவரை நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று 2019இல் டெக்சஸ் திருத்தியது. இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டு வயதுவரை அவகாசம். அதுவரை அந்தப் பழைய வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே அவகாசத்தைப் பாரபட்சமில்லாமல் இந்த அரசு தரும்.