கருத்து வந்துட்டாரு

வகுப்புக்கு ஒருவர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்ற நேரமெல்லாம் அவர் ‘கருத்து’. கருத்து கந்தசாமி என்பதன் சுருக்கம். கேன்டீன் சாம்பாரில் தொடங்கி ஐ.நா. சபை வரைக்கும் அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். யாரும் கேட்காததால் இத்தனை நாள் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள். அதுவும் மார்க் போட்டு.

விஷயம் இதுதான். ஆரணிப் பிள்ளைகள் சிலர் படிக்கப் போகிற கல்லூரியில் ஆளுக்கொரு சின்னக் கதை விளையாட்டு செய்து வரச் சொன்னார்கள். படம் வேண்டாம், சத்தம் வேண்டாம், எழுத்து மட்டும். கதை ஓரிடத்தில் நின்று, இப்படிப் போகலாமா அப்படிப் போகலாமா என்று கேட்கும். ஒன்றை அமுக்கினால் கதை அந்தப் பக்கம் திரும்பும். செய்து முடித்த பிறகு ஒவ்வொருவரும் மூன்று பேருடைய விளையாட்டை விளையாடிப் பார்த்து ஃபீட்பேக் எழுதித் தர வேண்டும். கருத்துக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

(ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தவர்கள் பஸ் மாறி ஏறிவிட்டீர்கள். அது திருவண்ணாமலை மாவட்டம். இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்டுக்குப் போய்வருவார். கருத்துகூட ஒரு தோழியிடம், “நம்ம ஊர் கதைன்னா பட்டு நெசவு வரணுமே” என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார். பிறந்து வளர்ந்தது இதே ஊர்.)

பிள்ளைகள் பயன்படுத்தியது ட்வைன். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கி இலவசமாக விட்டது. சில சொற்களை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அவை அமுக்கும் சொற்களாகிவிடும். அதே பெயரில் ஒரு பெட்டி தானாக முளைக்கும். பெட்டிக்குள் அடுத்த காட்சியை எழுதிக்கொள்ளலாம். கடைசியில் மொத்தமும் ஒரே கோப்பாகச் சுருங்கி வாட்ஸப்பில் போய்ச் சேரும். புரோகிராமிங் தெரியாதவரும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். கருத்து சொல்வதற்கு அந்தச் சாயங்காலமும் தேவையில்லை.

ஒரு பெண் எழுதிய விளையாட்டின் பெயர் ‘திறந்துட்டாங்க’. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் அந்த ஒரு சொல் போதும். எதை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால் ஆரணியாற்றில் வெள்ளம். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை. விளையாட்டு ஆரம்பிக்கும்போது இரவு 11 மணி. கரண்ட் இல்லை. மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவில் கத்திக்கொண்டு போகிறது. முதலில் எருமையை அவிழ்த்துவிடலாம், அல்லது ஆயாவை எழுப்பலாம், அல்லது பரண்மேல் இருக்கும் மார்க் ஷீட் பையை எடுக்கலாம். ஆயாவை எழுப்பினால் அவள் எழுந்து, “எருமையை அவுத்தியா?” என்று கேட்கிறாள். நான் போய்ப் பார்த்த எல்லா வழியிலும் மார்க் ஷீட் நனைகிறது.

கருத்து இதைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். எதையும் அமுக்கவில்லை.

“வில்லன் யாரு?”

“தண்ணி.”

“தண்ணிக்கு பேக் ஸ்டோரி இல்லியே?”

“ஆந்திராவுல பொறந்து பழவேற்காட்டுல கலக்குது. வேற இன்னா பேக் ஸ்டோரி வேணும் அதுக்கு?”

கருத்து சிரிக்கவில்லை. அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்: ‘கதாபாத்திர உருவாக்கம் பலவீனம்.’

அவருடைய சொற்களஞ்சியம் பெரும்பாலும் யூடியூப் சினிமா விமர்சனத்தில் இருந்து வந்தது. ஆழம் பத்தல. கனெக்ட் ஆகல. எமோஷன் ஒர்க் ஆகல. ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக். ஒன்பது பெட்டி உள்ள கதைக்கு எங்கே இன்டர்வெல் விட்டார்கள், எந்தக் கடையில் பஃப்ஸ் வாங்கினார் என்று தெரியவில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த விளையாட்டைக் காட்டினாலும், “வெண்பா மாதிரி பண்ணியிருக்கலாம்” என்பார். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் நோட்டில் பாதி அழிந்துபோயிருக்கும். மீதியை ஊகித்து இட்லியும் புட்டும் செய்தால்தான் கதை நகரும். 2024இல் பாஃப்டா விருதும் வாங்கியது. நல்ல முன்மாதிரிதான்.

“நீ விளையாடினியாடா?”

“ட்ரெய்லர் பாத்தேன்.”

தன்னைப் பற்றிக் கருத்துக்கு ஒரு நினைப்பு: நக்கீரர் பரம்பரை. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஏ.பி. நாகராஜனே நக்கீரராக வந்து நெற்றிக்கண்ணுக்கு எதிரே நின்றாரே, அந்தக் காட்சியை நம் ஊரில் எல்லா விமர்சகர்களும் தங்களுக்கென்று எடுத்ததாகவே நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு, பிழையாகப் பாடிய புலவரின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே எடுத்தார் என்றெல்லாம் கதை சொல்லிவைத்த பரம்பரை நாம். ஃபீட்பேக் என்றால் ரத்தம் வர வேண்டும் என்ற எண்ணம் எங்கோ ஊறியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நக்கீரர் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் குற்றம் சொன்னார்.

தருமியும் வகுப்பில் இருக்கிறார். அவரை விட்டுவிட முடியாது. அடுத்தவர் எழுதிக்கொடுத்ததைத் தன் பெயரில் நீட்டுகிறவர்களுக்கெல்லாம் முன்னோடி அல்லவா. சொக்கநாதரைத் தேடிக் கோயிலுக்குப் போகும் வேலை இப்போது இல்லை, போனிலேயே ஏஐ இருக்கிறது. ‘தங்கள் படைப்பு மனித உணர்வுகளின் நுட்பமான இழைகளை அழகுறப் பின்னுகிறது’ என்று வெள்ளக் கதைக்கும், இன்னொரு பையன் எழுதிய நைட் ஷிஃப்ட் கதைக்கும் ஒரே வரியை ஒட்டியிருந்தார். எருமை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ‘சூப்பர் மச்சி’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் மூன்று நெருப்புப் படம் போட்டவர்கள் தனி ஜாதி. அவர்களால் யாருக்கும் தீங்கில்லை.

தமிழய்யா வகையும் ஒருவர் உண்டு. சந்திப்பிழை தவிர வேறெதுவும் கண்ணில் படாது. சாதாரணமாக இவரைக் கண்டால் எழுதுகிறவர்கள் ஓடுவார்கள். ஆனால் ட்வைனில் இவர் சாமி. பெட்டிக்கு ‘ஆற்றுக்குப் போ’ என்று பெயர் வைத்துவிட்டு, இன்னோர் இடத்தில் ‘ப்’பை விட்டுவிட்டு ‘ஆற்றுக்கு போ’ என்று அடைப்புக்குள் எழுதினால், ட்வைன் அதை வேறு ஊர் என்று எடுத்துக்கொள்ளும். கேட்காமல் கொள்ளாமல் புதுப் பெட்டி ஒன்றை முளைக்க வைக்கும். உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. வெள்ளத்துக்குப் பயந்து எருமையோடு ஓடிவந்தவர் ஆற்றைப் பார்க்கப் போனால் வெறும் பக்கத்தில் போய் நிற்பார், மேற்கொண்டு போக வழியில்லை. ஒற்றுப்பிழைக்கு இவ்வளவு கடுமையான தண்டனை எந்தப் பரீட்சையிலும் நான் பார்த்ததில்லை. தமிழய்யா இதைப் பிடித்துக் கொடுத்தபோது கருத்து உதட்டைப் பிதுக்கினார்: “அதெல்லாம் ஸ்பெல்லிங் மிஸ்டேக். நான் பெரிய விஷயம் பாக்குறவன்.”

ஆனால் கருத்து வாயிலிருந்து உருப்படியான கருத்து வரவே வராது என்று நினைத்துவிடக் கூடாது. வரும். அவர் கருத்து சொல்லாமல் இருக்கும்போது வரும்.

‘நைட் ஷிஃப்ட்’ என்று ஒரு விளையாட்டு. எழுதிய பையனின் அண்ணன் சிப்காட்டில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிகிறது, கம்பெனி பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம், தூக்கம் கண்ணை இழுக்கிறது. தூங்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். கதை அவ்வளவுதான். பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பொழுது போகாமல் கருத்து அதைப் போனில் திறந்தார். முன் சீட்டில் எழுதிய பையனே உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“இன்னாடா இது... டீ குடின்னு போட்டிருக்கான், குடிச்சிட்டேன்... மறுபடியும் கேட்டுக்கே கொண்டாந்து விடுறான்... சரி, இன்னொரு டீ... டேய், பஸ் போயிடுச்சாமே! நான் எப்படா பஸ்ஸை வுட்டேன்? டீதானேடா குடிச்சேன்? மணி ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாணாமா?”

முன் சீட்டுப் பையன் திரும்பவே இல்லை. போனை எடுத்து அவசரமாக ஏதோ தட்டினான். மறுநாள் விளையாட்டில் டீக்கடைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. ஒவ்வொரு டீக்கும் முள் ஐந்து நிமிடம் நகர்ந்தது.

எழுத்து விளையாட்டு எழுதுகிறவர்கள் மத்தியில் இதற்கென்றே ஒரு பழைய முறை இருக்கிறது. சோதித்துப் பார்ப்பவர் அடித்த ஒவ்வொரு வரியும், விளையாட்டு திருப்பிச் சொன்ன ஒவ்வொரு பதிலும் அப்படியே பதிவாகும். நடுநடுவே தன் முணுமுணுப்பை ஒரு நட்சத்திரக் குறி போட்டு அவரே தட்டிவைப்பார்: இந்தக் கதவு திறக்கும்னு நெனச்சேன், திறக்கல. அந்தப் பதிவை எழுதியவருக்கு அனுப்பிவிடுவார். மதிப்பெண்ணும் கிடையாது, வாழ்த்தும் கிடையாது. கருத்து பஸ்ஸில் செய்தது சாட்சாத் அதுதான். நட்சத்திரக் குறிக்குப் பதில் ‘டேய்’ போட்டார்.

இந்த வகை விளையாட்டே அப்படி ஒரு பின்னூட்டத்தில்தான் வளர்ந்தது. 1970களின் நடுவில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்க நிரலாளர், கென்டக்கியில் தான் சுற்றிய மாமத் குகையை வைத்து, தன் மகள்கள் விளையாடுவதற்காக ‘அட்வென்ச்சர்’ எழுதினார். அது டான் வுட்ஸ் என்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர் கையில் சிக்கியது. விளையாடினார், பிழைகள் தட்டின. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாததால், அன்றைய வலையில் இருந்த கணினி ஒவ்வொன்றுக்கும் க்ரௌதர் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பினார். அனுமதியும் மூல நிரலும் வாங்கி, பிழை திருத்தி, குகையைப் பெரிதாக்கினார். 1977இல் அவர் விரித்த வடிவம்தான் எங்கும் பரவியது. குகையில் ஆழம் பத்தல என்று எழுதிவிட்டு அவர் தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அன்று ராத்திரி கருத்து ‘நைட் ஷிஃப்ட்’டுக்கு முறையான ஃபீட்பேக் அனுப்பினார். டீ இல்லை, பஸ் இல்லை, கடிகாரம் இல்லை. ‘நல்ல முயற்சி. உழைக்கும் வர்க்கத்தின் வலியை இன்னும் ஆழமாகச் சொல்லியிருக்கலாம். தூங்க வைக்கிறது. வாழ்த்துகள்.’

தூங்க வைக்கிறது என்பதைப் பையன் பாராட்டாக எடுத்துக்கொண்டான். நியாயம்தானே.

கருத்துடைய விளையாட்டு? கெடு முடியும் நாளில், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. பெயர் ‘முடிவிலி’. மொத்தம் ஒரே பெட்டி. அதில் ஒரே வரி: ‘நீ யார்?’ கீழே அமுக்குவதற்கு எதுவும் இல்லை. கேட்டால், வாசகர் தன் கற்பனையில் தொடரட்டும் என்று பதில் தயாராக வைத்திருந்தார்.

வகுப்பு வாட்ஸப் குழுவில் கொஞ்ச நேரம் ஈயாடவில்லை. அவருக்கு ஃபீட்பேக் எழுத வேண்டிய மூவரில் வெள்ளக் கதைப் பெண்ணும் ஒருத்தி. அவள் எழுதினாள்:

“திறந்தேன். ‘நீ யார்?’னு வந்துச்சு. அமுக்க ஏதாவது இருக்கான்னு மேல கீழ தள்ளிப் பாத்தேன். இல்ல. லோட் ஆகுதுன்னு நெனச்சு வெயிட் பண்ணேன். ஸ்க்ரீன் தானா ஆஃப் ஆயிடுச்சு. அதுல என் மூஞ்சி தெரிஞ்சுது.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கருத்திடமிருந்து குரல் பதிவு வந்தது:

“அதான்! அதையேதான் நான் சொல்ல வந்தேன்! ஒருத்தராவது புரிஞ்சிக்கிட்டீங்களே! சார்கிட்டயும் இதையே சொல்லிடு, ஆனா ஸ்க்ரீன் ஆஃப் ஆறது நான் டிசைன் பண்ணதுன்னு சேர்த்துக்கோ.”