கரடுமுரடு உபாசகர்

மின்சார ரயிலில் உத்தியோகத்துக்குப் போய் மின்சார ரயிலிலேயே வீடு திரும்புகிறவரும், வீட்டுக்கும் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கால்நடையாகவே கடக்கிறவரும், சேற்றில் சக்கரம் புதைந்து நின்ற அனுபவம் ஆயுளில் ஒருமுறைகூட வாய்க்கப்பெறாதவருமான எங்கள் தெரு நண்பர் ஒருவர், குறிஞ்சி முதல் பாலை ஈறாக ஐவகை நிலத்திலும் வண்டி செலுத்தும் சாஸ்திரத்தில் கரைகண்டவர் என்று நான் சொன்னால், வாசகர்கள் அதை அதிசயோக்தி என்று தள்ளிவிடக்கூடும். தள்ளவேண்டாம். இந்த ஜாதி மனிதர்கள் இப்போது ஊருக்கு ஊர் பெருகிவருகிறார்கள். இன்னும் சந்தைக்கு வராத ஒரு முரட்டு வண்டியை மனத்திலே பிரதிஷ்டை செய்து, அது பிரசன்னமாகும் நாளை எண்ணியபடி, தாம் இருக்கும் சமதரையை ஒருவித இகழ்ச்சியோடு பார்த்துக்கொண்டு வாழும் இவர்களுக்குக் கரடுமுரடு உபாசகர்கள் என்று நான் பெயரிட்டிருக்கிறேன்.

நம் நண்பரிடம் மணி என்ன என்று கேட்டாலும் அவர் 1947-ல்தான் தொடங்குவார். அந்த ஆண்டில் தேசம் சுதந்திரம் பெற்றது என்பது நமக்குத் தெரிந்த விஷயம். வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். அங்கிருந்து புறப்பட்டு, ராணுவம், காட்டிலாகா, தேயிலைத் தோட்டம் எல்லாம் சுற்றி, 2010-ல் பாலைவனத்தின் பெயரைத் தாங்கிப் பிறந்த தார் வண்டிக்கு வந்து, 2020 ஆகஸ்டு 15-ல் அதன் இரண்டாம் அவதாரம் திரை விலகிய வைபவத்தை விஸ்தரித்து முடிப்பதற்குள், நாம் பிடிக்கவேண்டிய ரயில் போயிருக்கும். அவருக்கும் அதே ரயில்தான். ஆனால் அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அந்த இரண்டாம் அவதாரத்தையே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில், அவருடைய தாயார். முன்னால் இரண்டே கதவுகள் உள்ள வண்டியில், முன் இருக்கையை மடக்கி, உடலை மூன்றாக மடித்து, பின் இருக்கைக்குள் நுழைவது என்பது எழுபத்தாறு வயது மூதாட்டிக்கு ஆகிற காரியமா? ஆகவே ஐந்து கதவுகளோடு ஒரு தார் வரும் என்று பேச்சு அடிபட்ட நாள் முதலாகத் தாயாரின் முழங்கால் வலியே அவருடைய தவத்துக்கு நியாயமாயிற்று. அந்த அம்மாளோ, "எனக்கு ஆட்டோவே போதும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்தியின் வேகத்தில் இது யார் காதிலும் விழவில்லை.

கோணங்களைப் பற்றிய அவருடைய உபந்நியாசத்தை நான் டீக்கடையிலே பலமுறை கேட்டிருக்கிறேன். டபராவைக் கவிழ்த்துவைத்தால் அது பாறை. டம்ளரைப் படுக்கவைத்தால் அது முன்சக்கரம். வண்டியின் மூக்கு பாறையில் இடிக்காமல் சக்கரம் பாறையைத் தொடவேண்டுமானால் மூக்கின் கீழே எவ்வளவு கோணம் வேண்டும், ஏறிய பிறகு வயிறு தட்டாமலிருக்க எவ்வளவு, இறங்கும்போது வால் உரசாமலிருக்க எவ்வளவு என்று டம்ளரை ஏற்றி இறக்கிக் காட்டுவார். "நாற்பத்தொன்று புள்ளி எட்டு டிகிரி, சார்!" இதை நாம் நாற்பத்திரண்டு என்று திருப்பிச் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் மனத்தாங்கல். சம்பளப் பட்டியலில் வரும் பைசாக்களைக்கூட அவர் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்டதில்லை. இந்தப் பாடம் நடக்கும் டீக்கடைக்கு எதிரே உள்ள வேகத்தடை ஒன்றே அவர் அதுவரை ஏறி இறங்கிய பர்வதம் என்பதையும், அதையும் ஷேர் ஆட்டோவில்தான் ஏறினார் என்பதையும் இங்கே பதிவு செய்வது அவசியம்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. வண்டியைச் சிருஷ்டிக்கும் ஆராய்ச்சிக்கூடம் செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. அதை ஓட்டிப் பரீட்சை செய்யும் தடமோ செய்யாற்றில் 454 ஏக்கரில் கிடக்கிறது. எனவே பிறக்காத வண்டிகள், கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி போட்ட போர்வையை மேனி முழுதும் சுற்றிக்கொண்டு, அலங்காரம் முடியும்வரை திரைபோட்ட சந்நிதியைப்போல, ஜி.எஸ்.டி. சாலையில் அவ்வப்போது தரிசனம் தரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பரனூர் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கும் கையுமாக நம் நண்பர் நின்றது இதற்காகத்தான். பல வாரங்கள் லாரிகளையும் ஆம்னி பஸ்களையும் மட்டுமே தரிசித்துத் திரும்பியவருக்கு, ஒரு நாள் காலையில் அந்தப் போர்வை வண்டி நாலு விநாடி காட்சி கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டது. பின்கதவின் கைப்பிடி நெட்டுக்குத்தாக இருந்தது என்பதே அவர் கண்டு வந்த செய்தி. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மூன்று வாரம் பேசினார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் வெள்ளம் ஏறியது. நாங்களெல்லாம் குளிர்சாதனப் பெட்டியை மேஜைமீது தூக்கி வைத்துக்கொண்டிருந்த சமயத்தில், நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் பையனுடைய மர ஸ்கேலைக் கையிலேந்தி, தெரு நடுவே நீரை அளந்துகொண்டிருந்தார். தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைச் சிரமமில்லாமல் கடக்கும் என்பது அவர் அறிந்த வேதவாக்கியம். "நானூற்றுப் பத்துதான், சார்! இன்னும் இருநூற்று நாற்பது பாக்கி இருக்கிறது!" என்று அவர் கூவியபோது அந்தக் குரலிலிருந்தது ஆறுதலா, ஏமாற்றமா என்பதை என்னால் நிச்சயிக்க முடியவில்லை. அவருடைய மனைவி மாடியிலிருந்து, "ஏங்க, அளந்தது போதும், அரிசி மூட்டையைத் தூக்க வாங்க" என்று அழைத்தார்.

அடுத்த கோடையில் நாங்கள் இரு குடும்பங்களாகக் கொழுக்குமலைக்குப் போனோம். தேனி மாவட்டத்தின் உச்சியில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வண்டிப் பாதை. பாதை என்பது மரியாதைச் சொல். விடியுமுன் வந்து நின்ற ஜீப்புக்கு வயது எவ்வளவு என்று அதன் சொந்தக்காரருக்கே நினைவில்லை. ஓட்டிய பையன், ரப்பர் செருப்பும் குல்லாயுமாக, ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டு, முந்தின நாள் கிரிக்கெட்டைப் பற்றிப் பின்னால் வந்த ஜீப்காரனோடு உரத்த குரலில் சம்பாஷித்தபடி, பெட்டி பெட்டியாகக் கிடந்த பாறைகளின்மேல் எங்களை ஏற்றினான். நண்பர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, கண்களை மூடியிருந்தார். உச்சியில் சூரியன் உதித்து, டீ குடித்து, தைரியம் திரும்பிய பிறகு அவனை அணுகி, "தம்பி, உங்க வண்டிக்கு அப்ரோச் ஆங்கிள் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஆங்கிளா?" அவன் வண்டியின் மூக்கை ஒருமுறை பார்த்தான். "முட்டுனா பின்னாடி எடுத்து இன்னொரு தடவ ஏத்தணும் சார். அவ்ளோதான்."

இறங்கும்போது நண்பர் பேசவில்லை.

ஆகஸ்டில் அந்த ஐந்து கதவுத் தாருக்கு ராக்ஸ் என்ற பெயரோடு திரை விலகியது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி முன்பதிவு. நண்பர் தற்செயல் விடுப்பு எடுத்து, ஸ்நானம் செய்து, ஸ்வாமிக்கு விளக்கேற்றி, 21,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, முதல் அறுபது நிமிஷத்தில் அவரைப்போலவே 1,76,218 முன்பதிவுகள் விழுந்திருந்த செய்தி வந்தது. ஏகாந்த பக்தனாகத் தம்மை எண்ணியிருந்தவருக்கு அது பெரிய அடி. "இத்தனை பேருமா, சார், ஆற்றைக் கடக்கப் போகிறார்கள்?" என்று மனம் நொந்து கேட்டார்.

இதற்கிடையில் குடும்பத்தில் நிதி மந்திரி சபை கூடியிருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வகை அப்போது டீசலில் மட்டும்தான். விலையோ 18,79,000 ரூபாயில் தொடங்கியது. ஆகவே வருஷக்கணக்காக டபராவின்மேல் டம்ளரை ஏற்றிய மனிதர், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்குச் சம்மதித்துவிட்டார். நாலு சக்கரக்காரர்களுக்குக் கம்பெனியார் பழுப்பு நிற இருக்கையை அனுக்கிரகித்திருந்தார்கள். பின்சக்கரக்காரர்களுக்கு வாய்த்தது தந்த நிறம். மண்ணிலும் சேற்றிலும் புரளவென்றே அவதரித்த வண்டிக்குத் தும்பைப்பூப்போல் இருக்கை வைத்தவரின் ஹாஸ்ய உணர்ச்சியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

மறு வருஷம் வண்டி வந்தது. தாயார் ஏறுவதற்கு ஒரு முக்காலி செய்யவேண்டியிருந்தது என்பதைத் தவிர அந்த வைபவத்தில் ஒரு குறையுமில்லை. முதல் சவாரிக்கு என்னையும் அழைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும்படி அம்மையார் மிகுந்த விநயத்தோடு கேட்டுக்கொண்டார். வண்டலூர்வரை போய் வந்தோம். வழியில் ஓரிடத்தில் தார் போடாத முப்பதடிப் பாதை குறுக்கிட, நண்பர் சற்று யோசித்து, சுற்றுவழியில் திருப்பினார்.

ஐப்பசி பிறந்தது. பெருமழை எச்சரிக்கை வந்த மாலையில், முந்தின வருஷம் வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மீது வரிசையாக நிறுத்திக் காத்துக்கொண்ட முறையை நினைவுகூர்ந்து, எங்கள் தெருக்காரர்களும் அப்படியே செய்தார்கள். வரிசையில் முதலாவதாக, உறை போட்டுக் கயிறு கட்டி நின்ற வண்டி நண்பருடையது. அதை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீரில் அவர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

அன்று இரவு எங்கள் தெருவில் தண்ணீர் 310 மில்லிமீட்டர். ஸ்கேல் அவர் பையனுடையதுதான், அளந்தது நான்.