ஆல்பம் போடுற வேலையா?

கேள்வி: போட்டோ எடிட்டர் ஆக ஆசை. ‘கல்யாண ஆல்பம் போடுற வேலைதானே?’ என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவி, உப்பிலியபுரம்

பதில்: அப்பாவுக்கு ரகு ராயைக் காட்டுங்கள். இன்ஜினீயரிங் படித்துவிட்டு கேமராவைத் தூக்கியவர். 1966-ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ், அப்புறம் ‘சண்டே’ வார இதழ், 1982 முதல் பல ஆண்டுகள் ‘இந்தியா டுடே’யில் போட்டோ எடிட்டராக இருந்தார். 1984 போபால் விஷவாயுக் கொடுமையை அவர் எடுத்த படம் உங்கள் அப்பாவின் நினைவிலும் இருக்கும்: மண்ணுக்குள் புதையும் குழந்தையின் முகம், அதைக் கடைசியாக ஒருமுறை தடவும் கை.

நூறு நல்ல படங்களில் தொண்ணூற்றொன்பதை ‘வேண்டாம்’ என்று ஒதுக்குவதும், மிச்சமுள்ள ஒன்றில் இருப்பது யார், எந்த ஊர், என்றைக்கு என்று சரிபார்ப்பதும்தான் போட்டோ எடிட்டரின் வேலை. அழுகிற முகத்தை அட்டையில் போடலாமா என்று ஆசிரியரிடம் மல்லுக்கட்டவும் வேண்டும். எனக்கு அதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புளியஞ்சோலைக்குப் போனால் அருவியை விடுங்கள், அங்கே கடை போட்டுப் பிழைப்பவர்களை எடுங்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பம் வந்தாலும் விடாதீர்கள். மாமியார் மனசாரச் சிரித்த படத்தைத் தேடிப் பிடிப்பது நல்ல பயிற்சி!