ஹாஸ்டல் கலெக்டர்

எந்த எஞ்சினியரிங் கல்லூரி ஹாஸ்டலிலும் இப்படி ஒருவன் இருப்பான். பட்டப்பெயர் மட்டும் பிளாக்குக்கு பிளாக் மாறும். ஓரிடத்தில் கமிஷனர், இன்னோரிடத்தில் மாமியார். பெரும்பாலும் கலெக்டர். சட்டைப்பையில் மார்க்கர் பேனா, அரைஞாண் கயிற்றில் அலமாரிச் சாவி, கையில் இன்ச் டேப். சேர்க்கை நாளன்று மற்ற பிள்ளைகள் வாளியும் மக்குமாக நின்று அம்மாவைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருக்கும்போது, இவன் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே டேப் பிடித்துக்கொண்டிருப்பான்.

"அங்கிள், அந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று ரூம்மேட்டின் அப்பாவையே வேலை வாங்கிவிடுவான்.

அளந்தாயிற்று, இனி கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, 120 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடி கட்டில் மூன்று போட்டால் 54 போச்சு. மூன்றடிக்கு இரண்டடி மேசை மூன்றுக்கு 18. மிச்சம் 48 சதுர அடி. மூன்று நாற்காலி, மூன்று டிரங்குப் பெட்டி, மூன்று வாளி, ஈரத்துண்டுகள், செருப்புகள், ஊரிலிருந்து வந்த முறுக்கு டின், எல்லாம் இதற்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். கதவு வேறு உள்பக்கம் திறக்கும். இதையெல்லாம் வாய்க்கணக்காக அவன் சொல்லச் சொல்ல ரூம்மேட்டின் அம்மா அசந்துபோவார். "இவனைப் பாத்துக் கத்துக்கடா" என்று மகனிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். அதைக் கலெக்டர் நியமன உத்தரவாகவே எடுத்துக்கொள்வான்.

பதவியேற்றதும் முதல் திட்டம் கட்டில் உயர்த்துதல். கல்லூரி என்றால் எங்காவது ஒரு புது பிளாக் கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். ராத்திரி மெஸ் முடிந்ததும் மூன்று பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே செங்கல் எடுக்கப் போவார்கள். காலுக்கு இரண்டு வீதம் கட்டிலுக்கு எட்டு, ஆக மொத்தம் 24 கல். வாட்ச்மேன் டார்ச் அடித்தால் "பிராஜெக்டுக்குண்ணே" என்று கலெக்டரே முன்வந்து பதில் சொல்வான். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத முதலாண்டுப் பையனுக்கு என்ன பிராஜெக்ட் என்று வாட்ச்மேன் யோசித்து முடிப்பதற்குள் கற்கள் இரண்டாவது மாடி ஏறியிருக்கும்.

கட்டில்கள் அரையடி உயரும். டிரங்குப் பெட்டிகள் அடியில் கச்சிதமாக நுழையும். எல்லாம் சரி, இருபத்து நாலாவது கல் மட்டும் மூளி. அது திருநெல்வேலிக்கார ரூம்மேட்டின் கட்டில் தலைமாட்டுக்கு வந்து சேரும்.

"ஏலேய், தலை ஒரு பக்கமா தாழ்ந்து கெடக்குல."

"ரத்த ஓட்டத்துக்கு நல்லதுடா மச்சி, படு."

புகார் மனு அதோடு பைசல்.

அடுத்தது லேபிள் யுகம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஐந்தும் கல்லூரி நூலகச் சுவரில் மாட்டியிருக்கும். கலெக்டர் நூலகத்துக்குப் போய் எடுத்துவந்தது அவை மட்டும்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ரங்கநாதன் விதி. ஒவ்வொரு வயிற்றுக்கும் அதற்கான டப்பா என்பது கலெக்டரின் திருத்தம். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, தக்காளித் தொக்கு, எள்ளடை என்று ஒவ்வொன்றின்மேலும் பெயர், வந்த தேதி, தீர வேண்டிய தேதி. ஊரிலிருந்து வந்தவன் பையைத் திறந்ததும் பண்டம் முதலில் வரவு நோட்டில் ஏற வேண்டும், பிறகுதான் வாயில்.

சட்டம் இருந்தால் அபராதமும் இருக்கும். ஈரத்துண்டை நாற்காலியில் போட்டால் ஐந்து ரூபாய். அடுத்தவன் கொடிக்கயிற்றில் பனியன் காயப்போட்டால் ஐந்து. பெருக்கும் முறையைத் தட்டிக்கழித்தால் பத்து. இந்தப் பணத்தில் டீ குடிக்கலாம் என்று மற்ற இருவரும் கனவு காண்பார்கள். கலெக்டரோ அதை எடுத்துக்கொண்டுபோய் பிளாஸ்டிக் கூடை, கதவில் மாட்டும் கொக்கி, அடுக்கு டிராயர் என்று வாங்கி வந்து நிற்பான். வாங்கியதை வைக்க இடம் வேண்டுமே! மிச்சமிருந்த 48 சதுர அடியில் ஆறு போய்விடும். கடைசியில் செருப்பும் வாளியும் வராந்தாவில் நிற்கும், அறையை ஒழுங்குபடுத்தியாயிற்று என்று கலெக்டர் அறிவிப்பான்.

கெட்டில் விவகாரத்துக்கு வருவோம். ஹாஸ்டலில் கெட்டிலுக்குத் தடை. வார்டன் பக்கம் நியாயமும் இருக்கிறது. 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். கடையில் கிடைக்கும் கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட். கலெக்டருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. அதனால்தான் மூன்று லேப்டாப்பையும் பிடுங்கிய பிறகே கெட்டில் போட வேண்டும் என்று தனிச்சட்டம் இயற்றியிருப்பான். அப்படியும் பிளக் சூடாகித் தீய்ந்த வாடை அடிக்கும். ஊதுவத்தி கொளுத்திவிடுவார்கள்.

வார்டன் ரெய்டு வரும் நாளில் மற்ற அறைகளில் கெட்டில் அழுக்குத்துணி மூட்டைக்குள் பத்திரமாக உறங்கும். மாதக்கணக்கில் துவைக்காத சாக்ஸுக்குள் எந்த வார்டனும் கைவிட மாட்டார். கலெக்டர் அறைக்கு வந்தால், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேல்தட்டிலிருந்து நிதானமாக வாசிப்பார்: 'டார்ச்', 'ஊசி, நூல்', 'பாச்சை உருண்டை', 'கெட்டில் – காலை 6 முதல் 7 வரை'.

"ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க தம்பி" என்று மனமாரப் பாராட்டிவிட்டு டப்பாவோடு எடுத்துக்கொண்டு போவார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது ரங்கநாதனின் நாலாவது விதி. வார்டனும் வாசகர்தானே.

ஸ்டடி ஹாலிடே வந்துவிட்டால் கலெக்டருக்கு ஆவேசமே வந்துவிடும். மறுநாள் மேத்ஸ் பரீட்சை என்றால் முந்தின ராத்திரி பத்து மணிக்குத்தான் ஃபேன் இறக்கையில் தூசு இருப்பது கண்ணில் படும்.

"மச்சி, நாளைக்கு எம்-த்ரீ டா!"

"டேபிள் சுத்தமா இருந்தாத்தான்டா மண்டையில ஏறும்."

ராத்திரி இரண்டு மணிக்கு மேசை பளபளக்கும். புத்தகங்கள் உயர வாரியாக நிற்கும். படித்தது ஒரு யூனிட்கூட இருக்காது. ரிசல்ட் வந்ததும் மூவரின் அரியர்களையும் செமஸ்டர் வாரியாகப் பிரித்து, கட்டம் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைப்பதும் இதே கலெக்டர்தான்.

பொங்கல் லீவுக்கு ரூம்மேட்டுகள் அவன் ஊருக்குப் போகும்போது ஓர் உண்மை வெளிப்படும். "சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான் கண்ணு. அங்கயாச்சும் ஒழுங்கா இருக்கானா?" என்று அவன் அம்மா ஆற்றாமையோடு கேட்பார். இலையில் உட்கார்ந்திருக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கலெக்டர் ரசத்தில் மும்முரமாகிவிடுவான்.

பாவம், அந்த வீட்டில் கலெக்டர் அம்மாதான். இவன் வெறும் பொதுஜனம். எழுந்திருக்கும் நேரத்திலிருந்து எடுக்க வேண்டிய குரூப் வரை எல்லாவற்றுக்கும் பதினேழு வயது வரை யாரோ ஒருவர் உத்தரவு போட்டிருக்கிறார். பிள்ளைக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த ராஜ்ஜியம் 120 சதுர அடி, குடிமக்கள் இரண்டு பேர். ஆண்டு பார்க்கிறான், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பரீட்சைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிளாக் முழுக்க ஹால் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும். கலெக்டர் அறையில் மட்டும் மூன்று ஹால் டிக்கெட்டும் மேசைமேல் வரிசையாக இருக்கும். நடுராத்திரி காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கேட்டு ஊரே தட்டுவதும் அந்தக் கதவைத்தான். ஆகவே, ஹாஸ்டலுக்குப் போகும் தம்பிகளே, அறைக்கு ஒரு கலெக்டர் இருக்கட்டும். இரண்டு பேர் வாய்த்துவிட்டால் அன்றைக்கே வார்டனைப் பார்த்து ரூம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒருவன் என்றால் லேபிள் ஒட்டட்டும், அபராதம் போடட்டும், விட்டுவிடுங்கள். மார்க்கர் கெட்டில் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.