காக்காய்க்கு ஒரு நியாயம், மிக்சருக்கு ஒரு நியாயம்

சாயங்காலம் ஆறரை மணிக்குக் குமணன்சாவடி சந்திப்பில் வந்து நின்று பாருங்கள். குன்றத்தூர் ரோட்டில் திரும்பவேண்டிய ஷேர் ஆட்டோ நட்டநடுவில் நின்று ஆள் கூப்பிடும். பைக்குகள் பிளாட்பாரத்தில் ஏறும். மெட்ரோ தூணுக்கு இந்தப் பக்கம் போகவேண்டிய தண்ணி லாரி அந்தப் பக்கம் எதிர்த்து வரும். இப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, ஐந்து கிலோ நாய் ஒன்று மட்டும் ‘அடுப்பு மேடையில் ஏறாதே’ என்றால் ஏறாமல் இருக்கவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

நாயின் பெயர் மிக்சர். அம்மா பொமரேனியன். அப்பா யார் என்பதைக் காட்டுப்பாக்கத்துக்கும் கரையான்சாவடிக்கும் நடுவில் எந்த நாயும் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் கிரிக்கெட் அம்பயராக வந்த டஃபி அந்த வகை. அம்பயருக்கு உரிய மிடுக்கு மிக்சருக்கு அப்படியே வந்திருக்கிறது. உயரம்தான் வரவில்லை. அது ஒரு அடி, மேடை கிட்டத்தட்ட மூன்றடி.

அந்த இரண்டடியை அது கடக்கிற அழகைப் பார்க்கவேண்டும். மூலையில் அரிசி டிரம். அதற்குப் பக்கத்தில் உபரி சிலிண்டர். முதலில் முறத்தில் கால் வைத்து டிரம் மூடிமேல் ஏறும். அங்கே ஒரு நிமிஷம் உட்கார்ந்து, வேறு வேலையாக வந்தது மாதிரி சுவரைப் பார்க்கும். பிறகு சிலிண்டர் தலையில் இருக்கிற இரும்பு வளையத்தில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி ஒரு எம்பு. அவ்வளவுதான், மேடையில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

மாவை நக்கினால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வதக்கியது, பச்சை என்ற பேதமெல்லாம் கிடையாது. திராட்சை இன்னும் மோசம். உலர்ந்த திராட்சை கொஞ்சம் உள்ளே போனால்கூடச் சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடுமாம். எந்த நாய்க்கு எவ்வளவில் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லமுடியாதாம். வெங்காய சாம்பார், பூண்டுக் குழம்பு, பாயசம் என்று எங்கள் மேடையில் அன்றாடம் உட்கார்ந்திருப்பதெல்லாம் அதற்கு விஷம்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் வீடியோக்களைப் பார்த்தேன். மேடை ஓரத்தில் ஃபாயில் பேப்பரை விரித்து வையுங்கள், அந்தச் சரசரப்பு நாய்க்குப் பிடிக்காது என்றார் ஒருவர். அவருடைய நாய் பிரியாணிப் பொட்டலம் பார்த்திராத நாயாக இருக்கவேண்டும். ஃபாயில் சரசரத்தால் மிக்சர் தெருக்கோடியிலிருந்து ஓடி வரும். அதைப் பல்லால் விரித்து, காலால் அமுக்கி, மூலை முடுக்கெல்லாம் நக்கித் துடைத்து வைத்திருந்தது. இன்னொருவர், ஏறும் இடத்தில் தட்டுகளை அடுக்கி வையுங்கள், சரிந்து விழும் சத்தத்தில் மிரண்டுவிடும் என்றார். அடுக்கினேன். எவர்சில்வர் தட்டுகள் தரையில் விழுந்து கிண்கிணி என்று உருண்டபோது மிக்சர் வாலை ஆட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் சோறு வந்திருக்கிறது, பாவம், அது என்ன செய்யும்? நாய்க்கு எச்சில் ஊறுவதை ஆராய்ந்த பாவ்லோவுக்கு, 1904இல் ஜீரண ஆராய்ச்சிக்காக நோபல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது வந்து பார்த்திருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

திட்டியும் பார்த்தோம். திட்டினால் நாய் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: இவள் இருக்கும்போது ஏறக்கூடாது.

இதற்கு நடுவில் என் மாமியார் ஒரு தனி இலாகா நடத்திக்கொண்டிருந்தார். மேடையில் மிக்சரைப் பார்த்தால் ஒரு நாள் “சனியனே, இறங்கு” என்பார். மறுநாள், “வந்துட்டியாடா கண்ணு” என்று தேங்காய்ச் சில்லு கொடுப்பார். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலியையும் புறாவையும் பெட்டியில் விட்டு இதைத்தான் ஆராய்ந்தார். பெட்டிக்குள் இருக்கிற நெம்புகோலை அமுக்கும்போதெல்லாம் தீனி விழுந்து, பிறகு அடியோடு நின்றுபோனால் எலி சீக்கிரம் அலுத்துவிடும். ஒரு சமயம் விழுந்து, ஒரு சமயம் விழாமல் இருந்தால், தீனி நின்ற பிறகும் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். லாட்டரிச் சீட்டு மாதிரி. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்துவிட்டார்கள். எங்கள் அடுப்படியில் தினம் குலுக்கல் நடந்தது.

ஆனால் தேங்காய்ச் சில்லு மட்டும் காரணமில்லை என்பது ஒரு அமாவாசையன்று விளங்கியது. மேடைக்கு மேலே ஜன்னல், அதற்கு வெளியே சிமெண்ட் திட்டு. அத்தை சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, அந்தத் திட்டில் வைத்து, “கா... கா...” என்று அழைத்தார். காக்காய் வந்தது. வீட்டில் ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகும்முன் அது சாப்பிட்டது. தரையில் பட்டினியாக உட்கார்ந்து இதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மிக்சரின் முகத்தைப் பார்த்தேன். உயரத்தில் இருப்பவனுக்குக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள், கீழே இருப்பவனுக்கு மிச்சம் மீதி. இந்த வீட்டின் சட்டம் அதற்கு நன்றாகவே புரிந்திருந்தது.

“அத்தை, காக்காயைப் பார்த்துதான் இது மேல ஏறுது. சாதத்தை வேற எங்கயாவது வைக்கலாமா?”

“காக்காயும் இதுவும் ஒண்ணாம்மா? அது உன் மாமனாரு.”

இதற்கு மேல் அறிவியல் பேசமுடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாமாவுக்கு மொட்டை மாடிக் காத்துன்னா உசுராச்சே அத்தை. ராத்திரி தட்டை எடுத்துக்கிட்டு மேலதானே போவாரு?” என்றேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். “ஆமாம்மா, இந்தப் புழுக்கத்துல அவரை நிக்க வச்சுட்டோமே” என்றார். அவருக்கு முழங்கால் வலி. அன்றிலிருந்து மாடிக்குச் சாதம் கொண்டுபோவது அவர் மகன்.

மற்றதெல்லாம் சுலபம். சிலிண்டர் பால்கனிக்குப் போனது. மேடையில் திறந்த பாத்திரம் எதுவும் இல்லை. ஃபிரிஜ் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதில் நான்கு காலும் இருக்கும்போது மட்டும் வேகவைத்த ஈரலில் கடுகளவு கொடுத்தோம். முதலில் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமாக டிரம்மைச் சுற்றி வந்து குரைத்தது. பழைய வழி பலிக்காதபோது எந்த நாயும் கடைசியாக ஒரு முட்டு முட்டிப் பார்க்கும், அப்போது இளகிவிடக்கூடாது. அத்தை கையிலும் ஈரல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டேன். குலுக்கல் நடத்தியவரே சாக்குக்குக் காவலாளி ஆனார். இப்போது தாளிக்கிற வாசனை வந்தால் மிக்சர் தானாகப் போய்ச் சாக்கில் உட்காருகிறது.

காக்காயைத்தான் திருத்தமுடியவில்லை. மாடியில் சாப்பிட்டுவிட்டு நேரே அடுப்படி ஜன்னலுக்கு வந்து கம்பியைக் கொத்துகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப், முகமூடி போட்டுக்கொண்டு காக்காய்களைப் பிடித்துப் பிறகு பறக்கவிட்டார். அந்த முகமூடியை வருஷக்கணக்கில் நினைவு வைத்துக்கொண்டு அவை துரத்தினவாம். இங்கே மாற்றத்துக்குக் காரணம் யார் என்று எங்கள் காக்காய்க்குத் தெரிந்திருக்கிறது. அத்தையைப் பார்த்தால் தலையைச் சாய்க்கிறது, என்னைப் பார்த்தால் கத்துகிறது. மாமா இருந்தபோதும் அப்படித்தான்.

ஒரு சின்ன அறிவிப்பு. பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாயசம் உண்டு, முந்திரியும் உண்டு. திராட்சை மட்டும் தேடாதீர்கள். நாய் வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பாயசத்திலும் அதை விட்டுவிடுங்கள்.