பாதுஷாவுக்கு இடுப்புப் பிடிப்பு

பாபரின் அப்பா போர்க்களத்தில் சாகவில்லை. புறாக்கூண்டோடு விழுந்து செத்தார். 1494-ல், ஃபெர்கானாவின் அக்ஸி கோட்டையில், பள்ளத்தின் விளிம்பில் கட்டியிருந்த புறா மாடம் மண்ணோடு சரிந்தது. புறாக்களோடு உமர் ஷேக் மிர்சாவும் போய்ச் சேர்ந்தார். மகன் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் பெரிய ஒப்பாரி இல்லாமல் எழுதிவைத்திருக்கிறார். கூடவே அப்பாவின் உடல்வாகையும் விடவில்லை. ஆள் குள்ளம், பருமன். அங்கியை அவ்வளவு இறுக்கமாகப் போடுவாராம், வயிற்றை எக்கிக்கொண்டால்தான் நாடாவை முடிச்சுப் போட முடியும். அப்புறம் மூச்சை விட்டால் பல சமயம் நாடா அறுந்துவிடும்.

மொகலாய வம்சத்தின் இடுப்புப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. சரித்திர ஆசிரியர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் பாபரைக் குதிரைமேல் பார்த்தே பழகியவர்கள். இறக்கிப் படுக்கவைத்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத பையன் பட்டத்துக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? தைமூர் தாத்தாவின் சமர்கந்து வேண்டும் என்று கிளம்பினான். 1497-ல் பிடித்தான், நூறு நாள் ஆண்டான், அதற்குள் சொந்த ஊரான அந்திஜான் கையை விட்டுப் போயிற்று. அதை மீட்கக் கிளம்பினால் சமர்கந்தும் போயிற்று. ஆக மொத்தம் வாழ்க்கையில் அந்த ஊரை மூன்று தடவை பிடித்து மூன்று தடவையும் தொலைத்தார். பதினோரு வயதுக்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு ரம்ஜான் பெருநாளை ஒரே ஊரில் கொண்டாடியதில்லை என்று அவரே கணக்குச் சொல்கிறார். அத்தனை ஊர் மாற்றமும் குதிரைச் சேணத்தில். அதற்கு ஸ்பிரிங் கிடையாது.

கடைசியில் உஸ்பெக் ஷைபானி கான் துரத்தித் துரத்தி அடித்ததில், 1504-ல் மலையைத் தாண்டி வந்து காபூலைப் பிடித்தார். முதன்முதலாக ஒரு ஊர் கையில் நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்த மனிதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சயாட்டிகா. இடுப்பில் ஆரம்பித்துப் பிட்டம் வழியாகக் கால்வரை ஒரு கம்பியைக் காய்ச்சி இழுக்கிற வலி. வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வராதவர்களுக்குச் சொன்னாலும் நடிப்பு என்பார்கள். நாற்பது நாள் தானாக அசைய முடியவில்லை, பக்கத்துக்குப் பக்கம் இன்னொருவர்தான் புரட்டிப் போட வேண்டியிருந்தது என்று கூச்சப்படாமல் எழுதுகிறார். தைமூர் ஒரு பக்கத்து முப்பாட்டன், செங்கிஸ்கான் மறுபக்கத்து முப்பாட்டன். இரண்டு பேரும் சேர்ந்து பாதி உலகத்தைப் புரட்டிப் போட்டவர்கள். வாரிசை இங்கே தோசை மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது, மெதுவாக, மெதுவாக என்று ராஜா எத்தனை முறை கத்தினார், புரட்டியவனுக்கு என்ன மானியம் கிடைத்தது என்பதையெல்லாம் குறிப்பு சொல்லவில்லை. பெரிய ஓட்டை அது. பானிபட்டில் பீரங்கிகளை எப்படி நிறுத்தினார் என்பதைவிட எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பாரான் ஆற்றங்கரையிலிருந்து காபூலுக்கு டோலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு சரியாகும் முன்பே கன்னத்தில் ஒரு கட்டி கிளம்பியது. அதைக் கீறினார்கள். கீறியதோடு பேதி மருந்தும் கொடுத்தார்கள். திரும்பிப் படுக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிற மனிதனுக்குப் பேதி மருந்து! அந்தக் காலத்து வைத்தியத்தின் துணிச்சலுக்கு முன்னால் பானிபட்டெல்லாம் சும்மா.

இவ்வளவு பட்டவர் அடுத்த குளிர்காலம் கம்பளிக்குள் கிடந்திருக்க வேண்டாமா? ஷைபானி கானுக்கு எதிராகக் கூட்டணி பேச ஹெராத்துக்குப் போனார். அங்கே உறவுக்கார மிர்சாக்கள் போருக்குத் தயாராக இல்லை. விருந்துக்குத் தயாராக இருந்தார்கள். முன்னால் முழு வாத்தை வறுத்து வைத்தார்கள். அதை அறுத்துச் சாப்பிடத் தெரியாமல் பாபர் விழித்தார், உறவுக்கார அண்ணன் அறுத்துக் கொடுத்தார். நாகரிகமான ஊருக்குப் போன எல்லைப்புறத்துப் பையனின் வெட்கம் அந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

திரும்பும்போது நடுப் பனிக்காலத்தில் மலைவழியைப் பிடித்தார். வழி தவறி, மார்பளவு பனியை ஆட்கள் மிதித்து மிதித்துப் பாதை போட்டார்கள். ஒரு ராத்திரி சின்னதாக ஒரு குகை தென்பட்டது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் பாபர் போகவில்லை. ஆட்கள் வெளியே சாக, நான் உள்ளே தூங்குவதா என்று பனியைத் தோண்டிப் பள்ளத்தில் குந்திக்கொண்டார். முதுகிலும் தலையிலும் காதிலும் பனி அடுக்கடுக்காகப் படிந்தது. ராத்திரித் தொழுகை நேரத்துக்குமேல் ஒருவன் வந்து, குகை உள்ளே விசாலம், எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்றான். முன்னாலேயே ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். தியாகத்துக்குக் கிடைத்த சம்பளம் காதுவலி.

இந்தியாவுக்கு வந்த கதைக்குப் போவோம். 1525 கடைசியில் கிளம்பி வரும் வழியில் காய்ச்சல், இருமினால் ரத்தம். காரணத்தைத் தானே கண்டுபிடித்தார்: கொச்சையாகக் கேலிக் கவிதை எழுதியதற்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை. இனி எழுதுவதில்லை என்று சத்தியம் செய்தார். இந்த நோய்க்காரணம் உண்மையாக இருந்தால் நம் பத்திரிகை ஆபீஸ்களில் பாதிப் பேர் ரத்தம் கக்கிக்கொண்டிருப்பார்கள்.

1526 ஏப்ரலில் பானிபட். இப்ராஹிம் லோடி காலி. அதைத்தான் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தோமே. மேட்டர் அதற்கடுத்த மாதம் ஆரம்பிக்கிறது: ஆக்ராவில் மே மாதம். காபூல் ஆட்கள் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தார்கள். மிச்சம் இருந்த தளபதிகள், கொள்ளையடித்தாயிற்று, ஊருக்குப் போகலாம் என்றார்கள். நெருங்கிய நண்பர் க்வாஜா கலான் போயே போய்விட்டார். போகிற போக்கில் டெல்லியில் தான் இருந்த வீட்டுச் சுவரில், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்கிற தினுசில் ஒரு கவிதையைக் கிறுக்கிவிட்டும் போனார். நான் இங்கேயே இருக்கும்போது இப்படி எழுதலாமா என்று பாபருக்கு மகா கோபம். பதிலுக்கு அவரும் ஒரு கவிதை எழுதினார். சத்தியத்தில் சுவர்க் கவிதைக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது.

போகாதவர் என்ன செய்தார்? உட்கார்ந்து குறைகளுக்குப் பட்டியல் போட்டார். நல்ல குதிரை இல்லை, நல்ல நாய் இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, ஐஸ் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டி இல்லை, மெழுகுவத்தி இல்லை, ஹம்மாம் என்கிற வெந்நீர்க் குளியலறை இல்லை. ஜனங்கள்கூட லட்சணமாக இல்லையாம். சாதகமாகச் சொன்னதில் முதல் பாயிண்ட்: பெரிய தேசம், தங்கமும் வெள்ளியும் ஏராளம். சம்பளம் பரவாயில்லை, சாப்பாடுதான் சரியில்லை என்று வெளிநாட்டிலிருந்து எழுதப்படும் அத்தனை கடிதங்களுக்கும் இவர்தான் ஆதிகர்த்தா. பலாப்பழத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டுக் குடலை உள்ளே வெளியே திருப்பி அடைத்த மாதிரி இருக்கிறது, ருசியும் மட்டம் என்று எழுதினார். இதற்காக ராஜபுத்திர மன்னர் ராணா சங்கா படையெடுத்தது நியாயம் என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் இந்த மனிதரின் முனகலை வெறும் முனகலென்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு முனகலும் கட்டடமாக எழுந்தது. இந்த நாட்டில் என்னை வதைப்பவை மூன்று, வெயில், காற்று, புழுதி. மூன்றுக்கும் மருந்து குளியல் என்று தீர்மானித்து, ஆக்ராவில் யமுனைக்கு அக்கரையில் ஹம்மாம் எழுப்பினார். கூடவே கிணறு, வாய்க்கால், நாலு மூலையும் சரியாக அமைந்த தோட்டம். ஆக்ராவில் மட்டும் தினம் 680 கல்தச்சர்கள் தனக்கு வேலை பார்த்ததாகப் பெருமையாகக் குறிக்கிறார். இடுப்பு ஒருகாலத்தில் நாற்பது நாள் பழிவாங்கிய ஆளுக்கு வெந்நீர் அறையின் மகிமை தெரியாமல் இருக்குமா? இது என் ஊகம்தான். அவர் அந்த மூன்றை மட்டுமே சொல்கிறார். அந்தக் கரையைப் பார்த்த ஊர்க்காரர்கள் அதற்கு ‘காபூல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

உடம்பு மட்டும் குடியேற மறுத்துக்கொண்டே இருந்தது. உள்ளூர் ருசி பார்க்கலாமென்று இப்ராஹிம் லோடியின் சமையல்காரர்களை வேலைக்கு வைத்ததில், லோடியின் தாயார் அவர்கள் மூலமாக விஷம் வைத்தார். வாந்தி எடுத்துப் பிழைத்தார். கட்டி வந்தபோது பானையில் மிளகைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தார். 1528-ல் காய்ச்சல் வந்தபோது, சூஃபி ஞானி க்வாஜா அஹ்ராரின் ஒரு சமய நூலைத் தினம் இத்தனை ஈரடி என்று கணக்கு வைத்துத் துருக்கியில் செய்யுளாக்கினார், குணமாகிவிட்டது. இருமலுக்குக் காரணமும் கவிதை, காய்ச்சலுக்கு மருந்தும் கவிதை. வைத்தியர்கள் சும்மா நின்றிருப்பார்கள்.

1527-ல் ராணா சங்காவுடனான போருக்கு முன்னால் கோப்பைகளை உடைத்துக் குடியை விட்டார். அப்புறம் விட்டதற்காக வருந்திக் கவிதை எழுதினார். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு முலாம்பழத்தை வெட்டியதும் அழுதுவிட்டதாகக் கடிதம் போட்டார். யாருக்கு? சுவரில் கிறுக்கிவிட்டுக் காபூலுக்கு ஓடிய அதே க்வாஜா கலானுக்கு. காபூலே இவருக்குப் பிழைக்கப் போன ஊர்தான் என்பதை அப்போது இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். அடுத்து, பால்க் தேசத்துத் தோட்டக்காரர் ஒருவரைப் பிடித்து ஆக்ரா மண்ணிலேயே முலாம்பழம் போடவைத்தார். 1529-ல் காய்த்தது. திருப்தியாக இருந்தது என்று எழுதினார். அவர் பட்டியலிலிருந்து ஒரு வரி அடிபட்ட அபூர்வ சந்தர்ப்பம்.

1530 டிசம்பரில், 47 வயதில், ஆக்ராவில் செத்துப்போனார். காபூலில் புதைக்கச் சொல்லியிருந்தார். முதலில் யமுனைக் கரையில் இருந்த தோட்டத்தில், அதாவது ஆக்ராக்காரர்களின் காபூலில் புதைத்தார்கள். ஊருக்குப் போகிற டிக்கெட் தாமதமானது. சில வருஷம் கழித்துத்தான் அசல் காபூலுக்கு எடுத்துப்போனார்கள். மலையும் கணவாயுமாக நீண்ட வழி. அந்த மனிதர் ஊர்விட்டு ஊர் போனதில் எதையும் குறை சொல்லாமல் போனது அது ஒன்றுதான்.