மாண்புமிகு செயலிக்கு மார்டள்ளிப் பாட்டிமார் விண்ணப்பம்

அனுப்புநர்: பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார், மார்டள்ளி, ஹனூர் தாலுகா, கர்நாடகம்.

பெறுநர்: மாண்புமிகு போஷன் டிராக்கர் (அங்கன்வாடிப் பதிவுச் செயலி) அவர்கள், பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், புது தில்லி. (முகாம்: அங்கன்வாடி டீச்சரின் கைப்பேசி.)

பொருள்: மூன்று வயதுப் பிள்ளையை அங்கன்வாடிப் பாயில் உட்காரவைக்க அனுமதி கோருதல்.

ஐயா அல்லது அம்மா,

முன்பெல்லாம் குறை என்றால் தாசில்தாருக்கு எழுதுவோம். அவர் கலெக்டரைக் காட்டுவார், கலெக்டர் பெங்களூரைக் காட்டுவார். இப்போது எல்லோரும் கைப்பேசியைக் காட்டி, "ஆப் ஏத்துக்கலையே பாட்டி" என்கிறார்கள். அதனால் நேரே தங்கள் சமூகத்துக்கே வந்துவிட்டோம்.

முதலில் முகவரிச் சான்று. எங்களில் மூத்தவள் பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டத்தில். 1956 நவம்பர் 1 அன்று, எங்கள் ஊர் அப்போது இருந்த கொள்ளேகால் தாலுகாவை மைசூர் மாநிலத்தோடு சேர்த்தார்கள். அவள் மகள் மைசூர் மாவட்டத்தில் பிறந்தாள். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. பேத்தி அங்கே பிறந்தாள். பிறகு தாலுகாவும் ஹனூர் ஆனது. மூன்று தலைமுறையும் பிறந்தது ஒரே வீட்டில், ஒரே திண்ணையை ஒட்டிய அறையில். நாங்கள் இடம் பெயரவில்லை. சர்க்கார்தான் எங்களைச் சுற்றி இடம் பெயர்ந்தது. ஆகவே ஒருத்தி காகிதம் இன்னொருத்தி காகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். அது எங்கள் வரலாறு.

அடுத்து ஆதார். பிள்ளைக்கு ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் போதும் என்று தங்கள் அமைச்சகம் பெரிய மனது வைத்திருக்கிறது. தாய்தான் இங்கே இல்லை. காப்பித் தோட்டத்திலோ கல் குவாரியிலோ கூலிக்கு நிற்கிறாள். ஆதாரில் பதிந்த நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்து எத்தனையோ நாளாயிற்று. அந்தச் செத்த நம்பருக்குத்தான் தாங்கள் ஓ.டி.பி. அனுப்புகிறீர்கள். பிள்ளை மட்டும் ஆதாரமில்லாமல் டீச்சர் எதிரே மூக்கு ஒழுக நிற்கிறது.

மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்குச் சத்துமாவு வாங்குவது இன்னும் விசேஷம். 2025 ஜூலை 1 முதல் வாங்குபவரின் முகம் தங்களுக்குப் பொருந்த வேண்டும். கிழவி ஒருத்தியைக் கேமரா முன் நிறுத்தி, "கண்ணைச் சிமிட்டுங்க" என்கிறார் டீச்சர். அவள் சிமிட்டுகிறாள். மறுபடி சிமிட்டச் சொல்கிறார். சிக்னலுக்காகக் கைப்பேசியை மேலே தூக்கினால் முகம் தெரியாது. முகத்துக்காகக் கீழே இறக்கினால் சிக்னல் போய்விடும். இந்த வயதில் நடுத்தெருவில் நின்று கண்ணடிக்க வைத்தீர்களே, தாங்கள் நன்றாக இருக்க வேண்டும்!

டீச்சரைக் குறை சொல்லவில்லை. அவர் அரசு ஊழியர் அல்ல, கௌரவப் பணியாளர். மத்திய அரசு நிர்ணயித்த மாதத் தொகை 2018இலிருந்து 4,500 ரூபாய். மாநிலம் மேலே சேர்த்துக் கொடுக்கிறது. அதற்கு அவர் எடை போடுகிறார், கணக்கெடுக்கிறார், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் பார்க்கிறார், தங்களுக்கும் தினப்படி தீனி போடுகிறார். பாட்டும் கதையும் மிச்ச நேரத்தில். பதிவில் இல்லாத பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இருக்கிற முட்டையை இரண்டாக நறுக்கிக் கொடுப்பவர் அவர். தலைக்கு 8 ரூபாய்ச் சாப்பாட்டில் ஊழல் என்று யாராவது புகார் கொடுத்தால், அது இந்தப் பாதி முட்டைதான்.

போலிப் பிள்ளைகளைப் பிடிக்கத்தான் தாங்கள் அவதரித்தீர்களாம். ஒப்புக்கொள்கிறோம். ஏட்டில் இருந்து பாயில் இல்லாத பிள்ளைகள் முன்பு உண்டு. தங்கள் ஆட்சியில் பாயில் இருந்து ஏட்டில் இல்லாத பிள்ளைகள் உண்டாகியிருக்கின்றன. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்களா?

ஓ.டி.பி.யும் முகம் பொருத்துவதும் இல்லாத காலமும் இருந்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, கர்நாடகத்தின் முதல் இடம் பக்கத்து டி. நரசிபுரம்தான், அங்கே 100 அங்கன்வாடிகள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்துச் சேர்த்தார்கள். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றது. நீதிபதிகள் பிள்ளைகளைத்தான் எண்ணச் சொன்னார்கள். ஓ.டி.பி.யை எண்ணச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை பாவம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. காலையில் வேன் வருகிறது, டை கட்டிய பிள்ளை ஏறுகிறது. பீஸ் கட்டினால் போதும். தாய் ஊரில் இல்லாத, போன் இல்லாத, காகிதம் ஒத்துப்போகாத பிள்ளைதான் தங்கள் சல்லடையில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்காகத்தானே ஐயா அங்கன்வாடியைக் கட்டினார்கள்?

பெங்களூரில் 2024இல் சில அங்கன்வாடிகளை மாண்டிசோரி ஆக்கினார்களாம், சந்தோஷம். ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது நிரம்ப வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். 2025இல் பெற்றோர் கூச்சலிட்டதும், அந்த ஒரு வருஷத்துக்கு ஐந்து வயது ஐந்து மாதம் என்று இறங்கிவந்தார்கள். எப்படியானாலும் அதுவரை, மூன்று வயதில் தாங்கள் திருப்பி அனுப்பும் பிள்ளைக்கு ஆடு மேயும் இடமே எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம்.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. பிள்ளையை முதல் நாளே உட்காரவையுங்கள், காகிதத்தைப் பிறகு தேடலாம். தாய் இல்லாத இடத்தில் வளர்ப்பவள் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத நாளில் டீச்சரின் கையெழுத்தை நம்புங்கள்.

கடைசியாக ஒன்று. தாங்கள் 2021 மார்ச் 1 அன்று பிறந்ததாக அறிகிறோம். எங்கள் பேத்திக்கு அக்காவோ அண்ணனோ ஆகிற வயதுதான். இன்னும் முகம் பார்த்துப் பழகவில்லை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், ஆளைத் தெரிந்துகொள்ளத் திணறுகிறீர்கள். இதெல்லாம் அங்கன்வாடியில் சரியாகிவிடும். நாளைக் காலையே வந்து சேருங்கள். தாயின் ஆதார் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். கண்ணைக்கூடச் சிமிட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
மார்டள்ளிப் பாட்டிமார்
(கைநாட்டு, பொருந்தாவிட்டால் நேரில் வந்து பார்க்கவும்)